பக்கத்தின் அடியில் ரெவ் 41

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். எங்கள் கம்பெனி வெப்சைட்டை இப்போது பார்த்துக்கொள்ளும் ஏஜென்சியில் வேலை செய்கிறவன். நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "கேண்டீன்ல கேட்டேன் மேடம், வெப்சைட்டுன்னா கற்பகம் மேடம்தான்னு எல்லாரும் சொன்னாங்க" என்றான். பொய்யாக இருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது.

"மேடம், சைட்டை மொத்தமா புதுசு பண்றோம். எல்லாப் பக்கத்துலயும் அடியில, குட்டியா, சாம்பல் கலர்ல 'ரெவ் 41'னு ஒண்ணு இருக்கு. இங்க யாருக்கும் தெரியல. இன்னா மேடம் அது? எடுத்துடலாமா?"

நாளைக்குச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். எடு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். சம்பந்தம் சாரிடம் வேலை பார்த்தவளுக்கு அப்படியெல்லாம் எதையும் சட்டென்று முடிக்க வராது.

ஒரகடத்தில் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தது 2006-ல். தகட்டை அடித்துக் கார் கதவுக்குக் கீல், பிராக்கெட் எல்லாம் செய்யும் பிரஸ் ஷாப். குவாலிட்டி டிபார்ட்மெண்டில் டைப் அடிக்க வந்த கான்ட்ராக்ட் ஆள் நான். கான்ட்ராக்ட் என்றால் அடையாள அட்டைக்குப் பச்சை நாடா, பர்மனென்ட் என்றால் நீல நாடா. ஒரே கேண்டீன், ஒரே சாம்பார்தான். ஆனாலும் எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நாடாவைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு சின்ன யூனிட்டில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சில வருடம் கழித்துக் கார் விற்பனை படுத்தபோது அந்த யூனிட்டை இழுத்து மூடிவிட்டார்கள். மகள் அப்போது தண்டலம் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தக் குடும்பமும் அந்தப் பச்சை நாடாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெப்சைட் என் கைக்கு வந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேறு யாரும் கேட்கவில்லை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாம்பரத்தில் சனி, ஞாயிறு வகுப்புக்கு அனுப்பினார்கள். பக்கம் எழுதுவது, போட்டோவைச் சுருக்குவது, சர்வரில் ஏற்றுவது, ஏற்றுமுன் பழையதைப் பத்திரமாக எடுத்து வைப்பது, அவ்வளவுதான் படிப்பு. மிச்சத்தை சைட்டைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து, எங்கள் தரத்தைச் சோதிக்க வந்த ஒரு கஸ்டமர் ஆடிட்டர் எங்கள் சைட்டில் காலாவதியான தரச் சான்றிதழ் தொங்குவதைக் கண்டுபிடித்துத் தொலைத்தார். எம்.டி. கோபத்தில், "இனிமே வெப்சைட் குவாலிட்டி ஹெட் கன்ட்ரோல்ல" என்று சொல்லிவிட்டார். குவாலிட்டி ஹெட்தான் சம்பந்தம் சார்.

சம்பந்தம் சார் காஞ்சிபுரத்துக்காரர். டூல் ரூமில் அரம் பிடித்து மேலே வந்தவர். அவருக்குத் தெரிந்த காகிதம் ஒன்றே ஒன்று, டிராயிங். கீலுக்கு டிராயிங் இருக்கும். அதில் ஒரு கோட்டை மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கி, மாற்றி, மாற்றியதைச் சரிபார்த்து, ரிவிஷன் நம்பரை ஒன்று ஏற்ற வேண்டும். வெப்சைட்டும் கம்பெனியிலிருந்து வெளியே போகிற சாமான்தானே என்றார். அதோடு என் நிம்மதி போயிற்று.

ஒரு கமா மாற்றுவதென்றாலும் பக்கத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுக்க வேண்டும். அதோடு ஒரு மாற்றத் தாள். அதில் மூன்று கட்டம். எதற்காக மாற்றம், ஒப்புதல், சரிபார்த்தது. ஒப்புதல் கொடுத்த ஆளே, மாற்றம் ஏறிய பிறகு பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்து மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும் போடக் கூடாது. அந்தக் கையெழுத்து விழும்வரை மாற்றம் முடிந்ததாகக் கணக்கில்லை. விழுந்த பிறகு சைட்டின் எல்லாப் பக்கத்து அடியிலும் ரிவிஷன் நம்பர், சுருக்கமாக ரெவ், ஒன்று ஏறும்.

பிரிண்டை மேஜையில் விரித்து, சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுப்பார். லோகோவுக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே அளப்பார்.

"போன வாட்டி விட்ட கேப்பு வேற, இப்ப வேற. இன்னாம்மா இது?"

"சார், மானிட்டர் மாறினா அளவு மாறும் சார்."

"அப்ப மானிட்டரை கேலிபரேட் பண்ணு."

மறுநாள் என் மானிட்டரில், அளவு சரிபார்த்தாயிற்று என்று மைக்ரோமீட்டருக்கு ஒட்டுகிற கேலிபரேஷன் ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். எதை அளந்து ஒட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆடிட்டில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

எழுத்து விஷயத்தில் இன்னும் மோசம். மார்க்கெட்டிங்கிலிருந்து "உலகத்தரம் வாய்ந்த கம்பெனி" என்று எழுதி அனுப்புவார்கள். சிவப்புப் பேனா இறங்கும். "எந்த உலகம்? ஸ்டாண்டர்ட் நம்பர் போடச் சொல்லு." "அதிநவீன இயந்திரங்கள்" என்று வரும். "எத்தினி டன் பிரஸ்? அத்த எழுது. அதிநவீனத்துக்கு டாலரன்ஸ் இன்னா, எத்தினி பிளஸ், எத்தினி மைனஸ்?" எந்த வரியைக் கொண்டுபோய் வைத்தாலும் கடைசியில் ஒரு கேள்வி: "ஆதாரம் கீதா?"

எங்களை அடைவது எப்படி என்று ஒரு பக்கம். அதில் "சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று போட வேண்டுமென்பது எம்.டி.யின் ஆசை. சம்பந்தம் சார் என்னைப் பார்த்தார். "போயி பார்த்துகினு வா." போனேன். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஷிப்டுக்குப் போகிற திருநெல்வேலி, விருதுநகர்ப் பிள்ளைகள் மடியில் டிபன் டப்பாவோடு நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். டிரைவர் கம்பியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எப்பப்பா எடுப்பே?" என்றேன். "இன்னும் ரெண்டு பேரு வரட்டும்க்கா." பத்து நிமிடம் கழித்தும் ஆட்டோ ஸ்டேஷன் வாசலில்தான் நின்றது. திரும்பி வந்து சொன்னேன். பக்கத்தில் கடைசியாக ஏறிய வரி இதுதான்: "ஷேர் ஆட்டோ உண்டு." எம்.டி. அதைக் கவனிக்கவேயில்லை.

எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டமார் டமார் என்று வைப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சைட்டில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. அக்கம்பக்கத்துக் கம்பெனி சைட்டுகளில், பக்கத்துக் கம்பெனி கட்டடத்தின் போட்டோவைத் தன்னுடையதாகப் போட்டவர்கள்கூட உண்டு. பெரிய கஸ்டமர்கள் வந்தால், "உங்கள் சைட்டில் உள்ளது நேரிலும் இருக்கிறது" என்று ஆச்சரியப்பட்டார்கள். அதைக் கேட்டு சம்பந்தம் சார் முகத்தில் ஒன்றும் மாறாது. அவருக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை.

இனி 2011-ல் நடந்த சமாசாரம்.

வெப்சைட்டின் பெயர் இருக்கிறதே, நாம் டைப் அடிக்கிற முகவரி, அது சொந்த நிலம் மாதிரி இல்லை, வாடகை நிலம். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். விட்டால் சைட் போகும், கூடவே அந்தப் பெயரில் வருகிற மெயில் எல்லாம் போகும். இந்த வேலையில் இருப்பவன் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நான் மறக்கவில்லை. நோட்டீஸ் வந்த அன்றே, பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., கேட்டு பர்ச்சேஸுக்குக் கோரிக்கை போட்டேன்.

பர்ச்சேஸ் மேனேஜர் மாணிக்கவேல் சார். நாங்குநேரிப் பக்கம். தங்கமான மனிதர், விதி என்றால் மட்டும் கருங்கல்.

"மேடம், மூணு கொட்டேஷன் இல்லாம பி.ஓ. போட முடியாது, பாத்துக்கிடுங்க."

"சார், இது நம்ம பேரு சார். நம்ம பேருக்கு எப்படி சார் மூணு கொட்டேஷன்? பதிஞ்சு வெச்சிருக்கிற இடத்துலதான் புதுப்பிக்கணும்."

"இதைவிடக் குறைச்சலா வேற பேரு கிடைக்காதா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். நட்டு, போல்ட்டு, கையுறை, கேண்டீன் அரிசி என்று எல்லாவற்றுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கியே கம்பெனியைக் காப்பாற்றியவர் அவர். பதிந்த இடத்தை மாற்றலாம், ஆனால் அதற்கு நேரமில்லை என்று விளக்கினேன். கடைசியில் இறங்கி வந்தார். "அப்ப ஒரே ஆளுகிட்டதான் வாங்க முடியும்னு தனியா ஒரு தாள் எழுதி, உங்க ஹெட்டுகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. போட்டுருதேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. தாளை எழுதி சம்பந்தம் சார் மேஜையில் வைத்தேன். படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஒரே எடத்துலதான் கெடைக்கும்னு எழுதிகீறியே. ஆதாரம்?"

"இதுக்கு என்ன சார் ஆதாரம் காட்டுவேன்? உலகத்துக்கே தெரியும் சார்."

"எந்த உலகம்?"

சைட்டைச் செய்து, பெயரையும் பதிந்து கொடுத்தவர்கள் வளசரவாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தார்கள். அவர்களிடம் எழுதி வாங்கிக் கொண்டுவந்து தாளோடு குத்தினேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். அந்த நாளை வரவில்லை. கையெழுத்துக்காக இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். மூன்றாவது முறை போனபோது அறை பூட்டியிருந்தது. சப்ளையர் ஆடிட்டுக்கு ஓசூர் போயிருந்தார். தாள் உள்ளே மேஜையில்.

பெயர் காலாவதியானது. எங்கள் முகவரியைத் தட்டினால் மெத்தை விளம்பரமும் திருமணத் தகவல் மையமும் வந்தன. மெயில் செத்துப்போனது. புதுப் பார்ட்டுக்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருந்த வெளிநாட்டுக் கஸ்டமர் அனுப்பிய மெயில்கள் எல்லாம் திரும்பிப் போயின. சைட்டைப் பார்த்தால் மெத்தை. கார் மந்தத்தில் அந்த ரோட்டில் பல யூனிட்டுகள் மூடிய காலம் அது. அந்த ஆள் எம்.டி.யின் செல்லுக்கே போன் செய்து, "உங்கள் கம்பெனி இன்னும் இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்டாராம்.

எம்.டி. குரல் பிரஸ் சத்தத்தை மீறிக் கேட்டது. நான் சம்பந்தம் சாருக்கு ஓசூருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "வாயிலேயே ஆர்டர் குடுத்துப் புதுப்பிக்கச் சொல்லு. பேப்பர் நான் வந்து பார்த்துக்கிறேன்." பேப்பர் இல்லாமல் அவர் ஒரு வேலையைச் செய்யச் சொன்னது என் அனுபவத்தில் அது ஒன்றுதான். வளசரவாக்கத்துப் பிள்ளைகள் வாய் வார்த்தையை நம்பிப் புதுப்பித்தார்கள். மறுநாள் சைட் வந்தது, மெயிலும் உயிர்பெற்றது.

ஆனால் கஸ்டமர் விடவில்லை. மூல காரணம் என்ன, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். திருப்தியாக இருந்தால்தான் புதுப் பார்ட். எம்.டி.க்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சம்பந்தம் சார் திரும்பி வந்த அன்று, எல்லார் எதிரிலும் சொன்னார்: "சிம்பிள். வெப்சைட் பார்க்கறது கான்ட்ராக்ட் ஸ்டாஃப். நெக்லிஜென்ஸ். ரிமூவ் பண்ணியாச்சுன்னு எழுதுங்க."

இளைத்தவன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள். என் பர்மனென்ட் ஆர்டருக்கான சிபாரிசு அப்போது எச்.ஆரில் இருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் என்ன சொல்வது, மகளின் படிப்பை என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அந்த மனுஷன் ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று உள்ளுக்குள் கொதித்தேன். அவரை மனதார வைதேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். மேஜையில் மூல காரணத் தாள். எங்கள் தொழிலில் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிவரை போக வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து வரிக்கு வரி கோடு போட்டிருந்தார்.

"சைட் ஏன் நின்னுச்சி?"

"பேரு காலாவதி ஆச்சு சார்."

"ஏன் ஆச்சி?"

"புதுப்பிக்கல. பி.ஓ. வரல."

"பி.ஓ. ஏன் வரல?"

"தாள்ல கையெழுத்து இல்ல சார்."

"தாள் எங்க இருந்திச்சி?"

நான் மேஜையைப் பார்த்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"கேக்கறேன் இல்ல? எங்க இருந்திச்சி?"

"உங்க டேபிள்ல சார்."

"நான் ஓசூர் போறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா சார். ரெண்டு வாட்டி ஞாபகப்படுத்தினேன் சார்."

தலையை ஆட்டினார். ஐந்தாவது வரியில் எழுதினார். துறைத் தலைவர் சம்பந்தம் கையெழுத்திடாமல் வைத்திருந்தார். அடியில் பெயர் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடினார்.

"சார், எனக்காக இப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு இன்னா? அது ரூட் காஸ். போயி டைப் அடி."

எம்.டி. அறைக்கு அந்தத் தாளோடு அவர் போனபோது நானும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எம்.டி. படித்தார். முகம் சிவந்தது.

"சம்பந்தம், டிபார்ட்மென்ட் ஹெட் மேல தப்புன்னு கஸ்டமருக்கு அனுப்பச் சொல்றீங்களா? மாத்துங்க இதை."

"மாத்தலாம் சார்" என்றார் சம்பந்தம் சார். "வேற ஆதாரம் கீதுன்னா குடுங்க, மாத்திடறேன்."

எம்.டி. தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் போனது. கஸ்டமர் கைவிட்டுப் போகவில்லை. ஒரு தலைவர் தன் பெயரை எழுதி வந்த ரிப்போர்ட்டை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த அன்று என் பச்சை நாடா நீலமானது. வீட்டில் பாயசம் வைத்தேன். கிளறிக்கொண்டே அழுதேன். என் வீட்டுக்காரர் புகை கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார், கேஸ் அடுப்பில்.

எங்கள் கம்பெனியில் டிபார்ட்மென்ட் ஹெட்டுகளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தாலும் இரண்டு வருடம் நீட்டிப்பு கொடுப்பது வழக்கம். மறுவருடம் சம்பந்தம் சாருக்குக் கொடுக்கவில்லை. பாலிசி மாறிவிட்டது என்றார்கள். அவருக்குப் பின்னால் ஓய்வு வயது வந்த மாணிக்கவேல் சாருக்குப் பாலிசி பழையபடி ஆகிவிட்டது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் தானே மாற்றத் தாளை எழுதிக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். சைட்டில் நிர்வாகக் குழு என்று ஒரு பக்கம். ஒரே வரிசையில் நான்கு போட்டோ, கீழே பெயர். மூன்றாவது அவர். எதற்காக மாற்றம் என்ற கட்டத்தில், இனி இந்த நபர் இல்லை என்று எழுதியிருந்தார். ஒப்புதல் கட்டத்தில் அவர் கையெழுத்து.

"நான் போன மறுநாள் ஏத்து. முன்னாடி ஏத்தினா பொய்யாயிடும்."

அப்படியே ஏற்றினேன். சரிபார்த்தது என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர்தான் போய்விட்டாரே. அடுத்த ஆடிட்டில் ஒரு சின்ன வயது ஆடிட்டர் ஃபைலைப் புரட்டி, "ஒரு மாற்றம் இன்னும் முடிக்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார். புது குவாலிட்டி ஹெட், பெங்களூரிலிருந்து வந்த துடிப்பான ஆள், பேனாவை நீட்டினார். "குடுங்க மேடம், நான் போட்டுடறேன்."

"ஒப்புதல் குடுத்தவர்தான் சார் போடணும். நீங்க போட்டா அது வேற தப்பு."

"அவர்தான் ரிட்டயர்ட் ஆயிட்டாரே?"

"காஞ்சிபுரத்துலதான் சார் இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தை பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு, வாலாஜாபாத் வழியாகப் பஸ் ஏறினேன். சம்பந்தம் சார் வேட்டி, பனியனோடு கதவைத் திறந்தார். கம்பெனியில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. "பிரிண்டு கொண்டாந்தியா?" என்றார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தாளை விரித்து, அலமாரியிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

முதல் போட்டோ, இரண்டாவது போட்டோ, அப்புறம் ஒரு வெற்றிடம், கடைசியில் நான்காவது போட்டோ. அந்த வெற்றிடத்தை அளந்தார். நிமிர்ந்தார்.

"இன்னா இது கேப்பு?"

"உங்க இடம் சார். அப்படியே விட்டு வெச்சிருக்கேன்."

அவர் என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது, ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரமில்லை. ஸ்கேலைத் தாள்மேல் வைத்தார்.

"ஒரு ஆளு போனா கேப்பு வுடக் கூடாதும்மா. மத்தவங்க நவுந்து ஒக்காரணும். பார்க்கறவனுக்கு ஒருத்தன் இருந்தான்னே தெரியக் கூடாது. சரி பண்ணிகினு வா."

கையெழுத்துப் போடவில்லை. மோரைக் குடிக்கச் சொன்னார், குடித்தேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே பஸ். மூன்று போட்டோவையும் நடுவில் சேர்த்து வைத்திருந்தேன். அளந்தார். இடது பக்கம், வலது பக்கம், இரண்டும் சமம். "இப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அடக்க முடியாமல் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மறுநாள் எல்லாப் பக்கத்தின் அடியிலும் நம்பரை ஏற்றினேன். ரெவ் 41. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று புது ஹெட் வெப்சைட்டை மாற்றத் தாள் முறையிலிருந்தே எடுத்துவிட்டார். அதன் பிறகு நான் வேலையில் இருந்தவரை பல நூறு மாற்றம் செய்தேன். யாரும் பார்க்காத மாற்றத்துக்கு நம்பர் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. சம்பந்தம் சார் இப்போது இல்லை.

ஏஜென்சித் தம்பி, நாளைக்கு என்று நான் சொன்னபடி, மறுநாள் போன் செய்தான். "இன்னா மேடம், எடுத்துடலாமா?"

"எடுத்துடு. ஆனா ஒண்ணு. எடுத்த இடத்துல கேப் விடாத. மத்ததெல்லாம் நகர்ந்து உட்காரணும்."

"அவ்ளோதானா மேடம்? சரி மேடம்."

சாயங்காலம் வீட்டு மானிட்டரில் சைட்டைத் திறந்தேன். மகள் விட்டுப்போன ஸ்கேல் ஒன்று இருந்தது, வைத்துப் பார்த்தேன். கேப் இல்லை. சரியாகத்தான் செய்திருந்தான்.